அம்மாவுக்கு வாங்கிய கதிரை

சேசு மரி சூசை

முல்லைத்தீவு வாடி,
14.5.1967

அன்பின் அண்ணைக்கும் அண்ணிக்கும்,

ஜசிந்தா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் இவரும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறோம். சோளகக் காற்று தொடங்கிவிட்டதால் இந்தக் கரையில் கடல் படுத்துக் கிடக்கிறது, தொழில் பரவாயில்லை. உங்கள் சுகத்தையும் மகள் மேரிஜோசப்பினின் சுகத்தையும் அறிய ஆவல். எல்லாரிலும் மேலாக அம்மாவின் சுகத்தை எழுதுங்கோ.

எங்களைப் பெற்ற அப்புவின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கையோடு நான் இந்த மீன்பிடி வாடிக்கு வந்தது எனக்கே பொறுக்கவில்லை. மாரி தொடங்குமட்டும் மண்டைதீவுக்குத் திரும்ப ஏலாது என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் கார் பிடித்து அம்மாவைக் கடற்கரை வீட்டிலிருந்து ஊர்காவற்றுறையில் உங்கள் புதுக் கல்வீட்டுக்கு ஏற்றிப் போனது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஏறத் தெரியாமல் தலையை இடித்துக்கொண்டு, "நீங்கள் முன்னாலை போங்கோ, நான் நடந்து வாறன்" என்றா. நீங்கள் விடவில்லை.

நேற்று ஊரிலிருந்து லொறியில் வந்த ஒருவர், அம்மாவை றோட்டுப் பக்கமே காணவில்லை என்றார். புளியங்கூடலிலும் சரவணையிலும் மீன் வாங்குகிற வீட்டுக்காரர்கள் "அல்போன்சம்மா எங்கை, அல்போன்சம்மா எங்கை" என்று கேட்கிறார்களாம். மனுசிக்கு அறுபத்தெட்டு வயது. போன தை மாதம்வரை ஓலைக் கடகத்தில் மீனைத் தலையில் வைத்துக்கொண்டு அந்த இரண்டு ஊரும் நடந்து மத்தியானத்துக்குள் வீடு திரும்பியவ. எந்த வீட்டுக்குச் சூடை மீன் ஆகாது, எந்த வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது, யாருக்குப் பால்சுறா கொடுக்கவேண்டும் என்று எல்லாம் தலைக்குள்ளேயே வைத்திருந்தவ. கறுப்புச் சீலையோடு உடனே வெளிக்கிட வேண்டாம், சரி. ஆனால் வீட்டு வளவுக்குள்ளே என்றாலும் உலாவுகிறாவோ? கடகம் எங்கே? மறுமொழி எழுதுங்கோ.

அம்மாவுக்கு என் முத்தம்.
ஜசிந்தா


சேசு மரி சூசை துணை

ஊர்காவற்றுறை,
2.6.1967

அன்புச் சகோதரி ஜசிந்தாவுக்கு ஆசீர்வாதம்.

இறையருளால் நாம் யாவரும் நலமே. அதுபோல் உங்கள் குடும்பமும் நலமுடன் வாழ அந்தோனியாரை இறைஞ்சுகிறோம். உனது கடிதம் கிடைத்தது.

அம்மாவைக் குறித்து நீ வீணாக மனத்தை அலட்டிக்கொள்ளத் தேவையில்லை. முன் அறையை அவவுக்கு ஒதுக்கி, யாழ்ப்பாணத்திலிருந்து நல்ல பிரம்புக் கதிரை ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறேன். காலையில் உன் அண்ணி எமிலி அதில் இருத்தினால், இரவு படுக்கைக்குத்தான் எழுப்புவது. தேத்தண்ணீர், சோறு எல்லாம் கைக்கு வரும். ஒரு துரும்பைக்கூட எடுத்து மறுபக்கம் போட விடுவதில்லை. ஒரு கந்தோரில் பெரிய கிளாக்கராக இருக்கும் மகனின் தாய் இனியும் பாடுபட்டால் அது எனக்குத்தான் இழுக்கு.

முதல் இரண்டு மூன்று கிழமை "என்னை எழும்ப விடுங்கோடா" என்று சத்தம் போட்டா. இப்போது நல்ல அமைதி. வந்து பார்ப்பவர்கள் எல்லாரும் மெச்சுகிறார்கள். கோயிலுக்குப் பூக்கட்டும் ஞானசவுந்தரி அக்கா, "அல்போன்சம்மாவைப் போலை துக்கம் காக்க இந்தத் தீவிலை வேறை ஆள் இல்லை" என்று நாலு பேருக்கு முன்னால் சொன்னா. செபமாலை கையை விட்டு இறங்குவதே இல்லை. கொஞ்சம் சொல்லுவா, பின் மறுபடியும் முதலாம் தேவரகசியத்திலிருந்து தொடங்குவா. நாள் முழுவதும் அப்படித்தான். எங்கள் வீட்டில் ஒரு புண்ணியவதி இருப்பது போலிருக்கிறது.

கடகம் குசினிக்குப் பின்னால் கிடக்கிறது. எமிலி அதில் கோழி அடைவைத்திருக்கிறா.

இப்படிக்கு, அன்புச் சகோதரன்,
அ. அம்புறோஸ்


முல்லைத்தீவு வாடி,
19.6.1967

அண்ணைக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். இனி மிச்சத்தை எழுதுகிறேன், கோபிக்க வேண்டுமென்றால் கோபியுங்கோ.

"எழும்ப விடுங்கோடா" என்று கத்திய மனுசி பேசாமல் போய்விட்டா என்றால் அதற்குப் பேர் அமைதியோ? காலையில் இருத்தினால் இரவில்தான் எழுப்புவது என்று என்ன பெருமையாக எழுதியிருக்கிறீர்கள்! கோழியைக் கடகத்திலும் அம்மாவைக் கதிரையிலும் அடைவைத்திருக்கிறீர்கள். கோழியாவது இருபத்தொரு நாளில் எழும்பிவிடும்.

கரையில் ஏற்றி வெயிலில் விட்ட வள்ளம் பலகை வெடித்துப் போகும் என்று அப்பு சொல்லும்போது நீங்களும் பக்கத்தில் இருந்தீர்கள். நீங்கள் பள்ளிக்கூடம் போய்ப் படித்துக் கந்தோருக்குப் போனீர்கள், அது நல்லது. ஆனால் எந்தக் கடகம் உங்களைப் படிப்பித்தது என்பதை மறக்கவேண்டாம். நடந்து நடந்தே உடம்பைத் தேற்றி வைத்திருந்த சீவன் அது. காலைக் கட்டிப்போட்டுவிட்டு மரியாதை செய்கிறேன் என்றால் நான் எங்கே போய்ச் சொல்லி அழுவது?

ஒரு காரியம் கேட்கிறேன், அதற்கு மட்டும் மறுமொழி வேண்டும். செபமாலை மறுபடியும் மறுபடியும் தொடங்குகிறா என்று எழுதினீர்கள். ஐந்து தேவரகசியமும் முடித்து, மாதா மன்றாட்டுமாலை சொல்லுகிறாவோ? மன்றாட்டுமாலை சொல்லாமல் அம்மா செபமாலையைச் சுருட்டி வைத்ததை நான் பிறந்த நாள் தொட்டுக் கண்டதில்லை. ஒருநாள் கந்தோரால் வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் இருந்து கேளுங்கோ. கேட்டு எழுதுங்கோ.

பின்னேரத்தில் கிணற்றடி மட்டும் என்றாலும் கையைப் பிடித்து நடத்துங்கோ. கும்பிட்டுக் கேட்கிறேன்.

ஜசிந்தா


சேசு மரி சூசை துணை

ஊர்காவற்றுறை,
21.8.1967

அன்புச் சகோதரிக்கு,

இறையருளால் நலம். உங்கள் நலமும் அவ்வாறே இருப்பதாக. மறுமொழி எழுதச் சுணங்கிவிட்டது. வீட்டுக்கு வெள்ளையடித்தோம். பின் கரம்பொன்னிலிருந்து சில கண்ணியமான விருந்தினர் இரண்டு தடவை வந்து போனார்கள்.

அம்மாவை டாக்குத்தரைக் கூப்பிட்டுக் காட்டினேன். வயதுதான், வேறொன்றும் இல்லை என்று சொல்லி டொனிக் எழுதித் தந்தார். கால் சற்று வீங்கியிருக்கிறது, ஆகவே நடப்பது நல்லதல்ல என்பது எமிலியின் எண்ணம். உன்னில்தான் அம்மாவுக்கு எப்போதும் நினைவு. எமிலியையும் ஜசிந்தா என்று கூப்பிடுகிறா, மேரிஜோசப்பினையும் ஜசிந்தா என்று கூப்பிடுகிறா. போன கிழமை சாப்பிட்டுக் கை அலம்பிவிட்ட பிறகு, தனக்கு இன்னும் சோறு தரவில்லை என்று அழுதா. வயது போனவர்கள் குழந்தைகள்தானே.

நீ ஊருக்கு வரும்போது கரம்பொன் பக்கத்தார் எவரையும் சந்திக்க நேர்ந்தால், அம்மாவின் பழைய தொழிலைப் பற்றிக் கதைப்பதைத் தவிர்த்துக்கொள். காரணத்தைப் பின்னர் எழுதுகிறேன்.

மச்சான் பஸ்ரியாம்பிள்ளைக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு.

அ. அம்புறோஸ்


சிவமயம்

புளியங்கூடல்,
11.9.1967

அன்புள்ள ஜசிந்தாவுக்கு,

நயினை அம்மன் கிருபையால் நாங்கள் சுகம். நீரும் உம்முடைய குடும்பமும் சுகமாக இருக்கவேண்டும். நான் புளியங்கூடல் வல்லிபுரம் வாத்தியாரின் பெண்சாதி மீனலோசனி. சின்ன வயதில் தாயோடு எங்கள் வீட்டுக்கு வந்து மாங்காய் பொறுக்கியிருக்கிறீர். வாடி விலாசத்தை மண்டைதீவுக்கு ஆள் விட்டு எடுத்தேன். ஊர் வம்பு எழுதுகிறவள் நானில்லை. ஆனால் இதை எழுதாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

போன சனிக்கிழமை காலை எங்கள் வேலிப் படலையடியில் வழக்கமான செருமல் சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால் உம்முடைய அம்மா. கறுப்புச் சீலை, தலை குலைந்து, கால் இரண்டும் பூசணிக்காய் மாதிரி. ஊர்காவற்றுறையிலிருந்து தனிய நடந்து வந்திருக்கிறா. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. "பிள்ளை, உங்கட மருமோளுக்குச் சூடை தின்றால் தோலிலை கிரந்தி போடுமெல்லே. அவவுக்கெண்டு விளைமீன் ஒதுக்கி வைச்சனான்" என்றா. நாலு வருசத்துக்கு முந்தைய சங்கதி, எங்களுக்கே மறந்துபோயிற்று. சொல்லிவிட்டுத் தலையில் கையை வைத்துக் கடகத்தை இறக்கப் பார்த்தா. கடகம் இல்லை. அங்கும் இங்கும் தேடினா. பிறகு நிலத்தில் இருந்து அழத் தொடங்கிவிட்டா.

தண்ணீர் கொடுத்து, "இப்ப எங்கை இருக்கிறியள்? எந்த வீட்டாலை வந்தனீங்கள்?" என்று கேட்டேன். சொல்லத் தெரியவில்லை. என் பெயர் தெரிகிறது, என் மருமகளின் கிரந்தி தெரிகிறது, தான் இருக்கிற வீடு தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் உம்முடைய தமையன் கார் பிடித்து வந்துவிட்டார். எனக்கு ஒரு வணக்கம் இல்லை. "ஊரைச் சிரிக்கவைக்கவோ வெளிக்கிட்டனீங்கள்?" என்று தாயைப் பார்த்துக் கத்தினார். மனுசி காரைக் கண்டதும் என் சீலையைப் பிடித்துக்கொண்டா. விரலைப் பிரித்துத்தான் ஏற்றினார்கள். இப்போது அறைக் கதவுக்கு வெளியில் கொண்டி போட்டிருப்பதாக அறிகிறேன்.

எங்களுக்கு மீன் கொண்டுவர இப்போது வேறு ஆள் உண்டு. மீனுக்காக இதை எழுதவில்லை.

இப்படிக்கு,
வ. மீனலோசனி


முல்லைத்தீவு வாடி,
17.9.1967

அண்ணை,

சுகம் கேட்க மனம் வரவில்லை. ஆண்டவர் மன்னிப்பாராக.

கதவுக்குக் கொண்டியோ போட்டீர்கள்? பெற்ற தாய்க்கோ? வெளிப்பக்கத்தாலோ? இதை உங்கள் வெள்ளையடித்த சுவரில் எழுதி ஒட்டுங்கோ, கண்ணியமான விருந்தினர் வந்து வாசிக்கட்டும். கோதாரியில் போன மரியாதை!

மன்றாட்டுமாலையைப் பற்றிக் கேட்டேன். இரண்டு மாதம் சுணங்கி எழுதிய கடிதத்தில் அதற்கு ஒரு சொல் இல்லை. நீங்கள் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறீர்கள் அண்ணை. கேட்டபடியால்தான் எழுதவில்லை. அம்மா பக்தியினால் மறுபடி தொடங்கவில்லை. எங்கே விட்டோம் என்பது தெரியாமல் தொடங்கியிருக்கிறா. பாவம், இதற்குள்ளேயிருந்து எப்படி வெளியே வருவது என்று தெரியாமல் ஒரே மணியைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்காக இருந்திருக்கிறா. அதைத்தான் ஊர் புண்ணியம் என்று மெச்சியது. நீங்கள் அதைக் கேட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தீர்கள். ஞானசவுந்தரி அக்காவை அந்தக் கதிரையில் ஒரு கிழமை இருத்திப் பாருங்கோ, அவவும் நல்லாய்த் துக்கம் காப்பா.

வயதாம்! தை மாதம் கடகம் தூக்கிய ஆளுக்குப் பங்குனியிலோ வயது வந்தது? கால் வீங்கியபடியால் நடக்கக்கூடாதாம். நடக்காதபடியால்தான் வீங்கியது என்று சொல்ல ஒரு நாதியில்லையோ அந்த வீட்டில்?

வாடி பிரிக்க இன்னும் நாள் இருக்கிறது. இவரிடம் சொல்லிவிட்டேன், நான் முந்தியே ஊருக்கு வருகிறேன்.

ஜசிந்தா


ஊர்காவற்றுறை,
5.10.1967

ஜசிந்தாவுக்கு,

நலம். நலமறிய ஆவல் என்று எழுத எனக்கும் மனமில்லை.

நான் கந்தோரில் இருந்த நேரம் பார்த்து வந்து, எமிலியை வாய்க்கு வந்தபடி பேசி, துக்க வருடம் முடியாத ஒரு விதவையைப் பட்டப்பகலில் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு மண்டைதீவுக்குப் போயிருக்கிறாய். முழு பஸ்ஸும் பார்த்ததாம். கொண்டக்டரிடம் அம்மா "இது எங்கை போகுது" என்று திரும்பத் திரும்பக் கேட்டாவாம். என் முகத்தில் கரி பூசியதில் உனக்குத் திருப்திதானே?

காரணத்தைப் பின்னர் எழுதுகிறேன் என்றேனல்லவா, இதோ எழுதுகிறேன். மேரிஜோசப்பினுக்குக் கரம்பொன்னில் ஒரு சம்பந்தம் பேசுகிறோம். மாப்பிள்ளை இஞ்சினியர், படித்த குடும்பம். பெண் ஒரு மீன்காரியின் பேத்தி என்று ஒருவர் போய் ஊதினால் போதும், காரியம் கெட்டுவிடும். எனக்கு மட்டும் தாயில் அன்பில்லை என்று நினைக்கிறாயா? பிள்ளையையும் பார்க்கவேண்டும், தாயையும் பார்க்கவேண்டும். கதிரை வாங்கியது நான். டாக்குத்தருக்குக் கொடுத்தது நான். நீ என்ன செய்தாய்?

அம்மாவை அந்தக் கடற்கரையில் விழுத்திக் கையைக் காலை முறித்தால் அதற்கு நீதான் பொறுப்பு.

அம்புறோஸ்


சேசு மரி சூசை

மண்டைதீவு,
12.12.1967

அண்ணைக்கு,

நாங்கள் சுகம், அம்மாவும் இருக்கிறா. மாரி மழை பிடித்துக்கொண்டது. உங்கள் எல்லாருக்கும் கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். பஸ்ஸில் ஏறினால் ஒரு மணித்தியாலத்தில் வந்து பார்க்கலாம். நீங்கள் வரவில்லை, ஆகவே எழுதுகிறேன்.

நீ என்ன செய்தாய் என்று கேட்டீர்கள். சொல்லுகிறேன், கேளுங்கோ. கூட்டிவந்த அன்று அம்மாவுக்கு முழங்கால் நிமிரவில்லை. கதிரையில் இருந்த மாதிரியே மடிந்து நின்றா. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கவைத்தோம். பிறகு கிணற்றடி. பிறகு கோயில் வாசல். ஒவ்வொரு தரமும் "ஏலாது பிள்ளை, என்னை இருத்து" என்று அழுவா. நான் ஈவிரக்கமில்லாதவள், நடத்தினேன். கண்ணை ஒருபக்கம் துடைத்துக்கொண்டு நடத்தினேன். விழுந்தவதான், ஒருமுறை மணலில் விழுந்தா. ஒன்றும் முறியவில்லை.

ஒருநாள் கரையில் வள்ளம் வந்த நேரம், என் கையைத் தட்டிவிட்டா. "விடடி கையை, நான் என்ன நொண்டியோ?" என்று ஒரு பேச்சு. எத்தனை மாதத்துக்குப் பிறகு அம்மாவின் வாயால் வந்த பேச்சு! அன்றைக்கு நான் சந்தோசத்தில் உலையில் உப்புப் போட மறந்துவிட்டேன். உப்பில்லை என்றும் அம்மாதான் சொன்னா.

போன கிழமை செபமாலை சொல்லும்போது ஐந்தாம் தேவரகசியம் முடிந்தது. நான் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அம்மா தானாக மன்றாட்டுமாலையைத் தொடங்கினா. நடுவில் இரண்டு வரி தவறிவிட்டது. ஆனால் முடித்தா. இவர் ஒரு ஆம்பிளை, வெளியில் போய் நின்று அழுதார்.

எல்லாம் திரும்பிவிட்டது என்று நினைக்கவேண்டாம். போன கொஞ்சம் போனதுதான். வீங்கிய கால் வடிந்துவிட்டது.

மீன்காரியின் பேத்தி என்பது மறைக்கிற காரியம் என்று மேரிஜோசப்பினுக்குப் படிப்பித்தது யார்?

ஜசிந்தா


சேசு மரி சூசை துணை

ஊர்காவற்றுறை,
12.1.1968

அன்புச் சகோதரி ஜசிந்தாவுக்கு,

இறையருளால் யாவரும் நலம். உன் கடிதத்தை ஒரு தரத்துக்கு மேல் வாசித்தேன். மேரிஜோசப்பினும் வாசித்தாள்.

பெப்ரவரி பத்தாம் திகதி அப்புவின் ஆண்டுப் பூசை. அம்மாவைக் கூட்டிவந்து முன்வரிசையில் இருத்த ஒழுங்கு செய்திருக்கிறேன். கார் அனுப்புகிறேன். கரம்பொன் பகுதியாரும் வருவார்கள், ஆகவே நல்ல சேலையாக உடுத்திவிடு.

இன்னொன்று. உன் கடிதத்தில் அம்மா உப்புக் கேட்டதையும் உன்னைப் பேசியதையும் எழுதியிருக்கிறாய். என்னைக் கேட்டவவோ என்று எழுதவில்லை. மறந்திருப்பாய் என்று நினைக்கிறேன்.

அம்புறோஸ்


மண்டைதீவு,
24.1.1968

அண்ணைக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்காக அம்மா ஒவ்வொரு இரவும் செபிக்கிறா. எப்படிச் செபிக்கிறா என்பதைக் கடைசியில் சொல்லுகிறேன்.

கார் அனுப்பவேண்டாம். கார்ச் சத்தம் கேட்டால் அம்மா அறைக்குள்ளே போய் ஒளிக்கிறா. ஆண்டுப் பூசைக்கும் வரமாட்டா. அப்பு கடலுக்குப் போயிருக்கிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறா. நானும் ஓம் என்று விட்டுவிட்டேன். உயிரோடு கடலில் நிற்கிற மனுசனுக்கு என்ன பூசை என்று கோயிலில் எழும்பிக் கேட்டால், உங்கள் முன்வரிசை என்னாகிறது?

மறக்கவில்லை அண்ணை. எழுத மனம் வராமல்தான் விட்டேன்.

போன சனிக்கிழமை அம்மாவைப் பழைய பாதையால் கூட்டிப் போனேன். ஓம், கறுப்புச் சீலையோடுதான், கடகத்தோடுதான். சின்னக் கடகம், பாரம் அதிகமில்லை. பஸ்ஸில் வேலணை போய் இறங்கி நடந்தோம். சரவணைச் சந்தியில் அம்மா திகைத்துப்போய் நின்றுவிட்டா. நான் செய்தது பிழையோ என்று நினைத்தேன். வாய் திறந்து வழி சொல்லப் போனேன். அதற்குள் அவவின் கால் தானாக ஒரு ஒழுங்கைக்குள் திரும்பிவிட்டது. பிறகு நான்தான் பின்னாலே ஓடினேன். படலைக்குப் படலை பெயர் வந்தது. "நாகமுத்தற்றை வீடு, இவைக்குத் திருக்கை காட்டக்கூடாது." "இது பரராசசிங்கத்தார், மனுசிக்குப் பல்லில்லை, முள்ளில்லாத மீன் வேணும்." வீட்டில் இருத்திவைத்துக் கேட்டால் ஒன்றும் வராது. அந்தப் படலைக்குக் கால் போய்ச் சேர்ந்தால்தான் வருகிறது. புளியங்கூடலில் மீனலோசனி அக்கா கட்டிப்பிடித்து அழுதா. அம்மா, "மீன் நாறும் பிள்ளை, தள்ளி நில்லுங்கோ" என்று சிரித்தா.

அந்தத் துணிவில், உங்கள் வீட்டையும் காட்டுவோம் என்று ஊர்காவற்றுறைக்கு நடத்தினேன். களைக்கவில்லை மனுசி. உங்கள் இரும்புக் கேற்றடியில் நிறுத்தினேன். மேலும் கீழும் பார்த்தா.

"இது ஆற்றை வீடு பிள்ளை?"

"உங்கட மகன்ரை, அம்மா. அம்புறோஸ் அண்ணையின்ரை. இதிலை எத்தினை மாதம் இருந்தனீங்கள்!"

"விசர்க்கதை கதையாதை. நான் இந்த ஒழுங்கைக்கு வந்ததே இல்லை. அம்புறோஸ் சின்னப்பெடியன், அப்புவோடை கடலுக்குப் போட்டான். வா போவம், இஞ்சை மீன் வேண்டமாட்டினம்."

அண்ணை, நடந்து போன வீடு ஒன்றும் அம்மாவுக்குத் தப்பவில்லை. காரில் ஏற்றி இறக்கி இருத்திவைத்த வீடு மட்டும் இல்லை. அந்தக் கதிரை இல்லை, அந்த அறை இல்லை. அங்கே இருந்த உங்களையும் சேர்த்து இல்லாமல் போய்விட்டது. இரவில் உங்களுக்காகச் செபிக்கிறா என்று சொன்னேனே, "கடலிலை நிக்கிற என்ர குஞ்சு கரை வந்து சேரவேணும்" என்றுதான் செபிக்கிறா. உங்களுக்கு அங்கே பத்து வயது.

நாங்கள் கேற்றடியில் நின்றபோது முன் யன்னலில் திரை அசைந்தது. யாரென்று எனக்குத் தெரியாது. ஒருவரும் வெளியே வரவில்லை.

ஜசிந்தா


13.2.1968

ஜசிந்தா,

பூசை முடிந்தது. முன்வரிசையில் கதிரை வெறுமையாகக் கிடந்தது.

திரைக்குப் பின்னால் நின்றது நான். உள்ளே கரம்பொன் ஆட்கள் இருந்தார்கள்.

அம்மா எந்த நாளில் வருகிறா? வழியில் எங்கேயாவது நான் நின்றால் என்னைத் தெரியுமோ? என்ன செய்தால் தெரியும்?

அம்புறோஸ்


மண்டைதீவு,
17.2.1968

அண்ணைக்கு,

நாங்கள் சுகம். அம்மா உங்களை விடச் சுகம்.

சனிக்கிழமைகளில் வருகிறா. வருகிற சனி காலையில் புளியங்கூடலில் மீனலோசனி அக்காவின் வேலியோடு ஒட்டி ஒரு வெறும் வளவு இருக்கிறதல்லவா, அதன் படலையில் நில்லுங்கோ. காரில் வரவேண்டாம், நடந்து வாருங்கோ. சப்பாத்தும் கழுத்துப்பட்டியும் வேண்டாம். கையில் ஒரு சட்டி கொண்டு வாருங்கோ, மேரிஜோசப்பின் வந்தால் அவளும் வரட்டும்.

மகன் என்று அம்மாவுக்குத் தெரியப்போவதில்லை. அதை இப்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கோ, றோட்டில் நின்று அழுது அவவைப் பயப்படுத்தக்கூடாது. சனிக்குச் சனி அதே படலையில் நின்றால், உங்களுக்கு என்ன மீன் பிடிக்கும் என்று அந்தத் தலைக்குள்ளே ஏறும். ஓரா என்று சொல்லுங்கோ. சின்ன வயதில் உங்களுக்கு அதுதானே விருப்பம். ஒருவேளை அதில் ஏதாவது பிடிபடும், ஒருவேளை இல்லை.

விலை பேசவேண்டாம், அவவுக்குப் பிடிக்காது.

அம்மா என்று கூப்பிட்டால் நிற்கமாட்டா, தன்னையில்லை என்று நினைத்துப் போய்விடுவா. ஊர் கேட்க, நல்ல சத்தமாக, மீன்காரம்மா என்று கூப்பிடுங்கோ. அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பா.

ஜசிந்தா